இருமக் கூடாத பிணம்

காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். வயிற்று வலி வந்தால் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இருமல் மட்டும்தான் ஊரைக் கூட்டும் வியாதி. பஸ்ஸில் ஒரு தடவை இருமிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் இந்தப் பக்கம் திரும்பி ஒரு வைத்தியம் சொல்வார். அதுவும் மயிலாப்பூர் பக்கம் போகிற பஸ் என்றால் மிளகுக் கட்சி, அதிமதுரக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சண்டையே நடக்கும்.

இத்தனை வைத்தியர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், ஒரே ஒரு முறை இருமல் மருந்தை நானே யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். விளைவு, ஒரு சபா நிறைய ஜனங்கள் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்க, நான் மேடையில் நிஜமாகவே போய்ச் சேரப் பார்த்தேன். இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு இரண்டு பெண்கள் காரணம். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தியும் அன்றைக்கு என் மனைவிதான். (அவசரப்படாதீர்கள், விவரமாகவே சொல்கிறேன்.)

அப்போது தொண்ணூறுகளின் ஆரம்பம். ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். எனக்கும் வசந்திக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். பகலில் நான் மவுண்ட் ரோடில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலமானால் நடிகன். நடிகன் என்பது நானாகச் சொல்லிக்கொண்டது. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு ரமணி சார் நாடகம் எழுதி, சொந்தமாக ஒரு குழுவும் நடத்திக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தபால்காரர், பால்காரர், "சார், தந்தி!" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் மாதிரியான வேஷங்கள்தான். ஒரு நாடகத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவின் குரலாக மட்டும் வந்தேன். (அதற்கும் ஒத்திகைக்குத் தவறாமல் போனேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

எங்கள் குழு அதுவரை ஏறியதெல்லாம் அபார்ட்மெண்ட் ஆண்டு விழா மேடைகளும் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலும்தான். மயிலாப்பூரில் ஒரு முறையான சபாவில் நாடகம் போட வேண்டும் என்பது ரமணி சாரின் வாழ்நாள் ஆசை. பல வருஷம் நடையாக நடந்து, கடைசியில் ஒரு சபா செயலாளர் மனமிரங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கொடுத்து, "நானே முன் வரிசையில உக்காந்து பாக்கறேன். நன்னா இருந்தா வருஷா வருஷம் தேதி தரேன். இல்லேன்னா என்னை மறுபடி பாக்க வராதேள்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரமணி சார் ஆபீஸ் ஃபைல்களில் கூட வசனம் எழுத ஆரம்பித்தார்.

நாடகத்தின் பெயர் 'பஞ்சாமி பரலோகம் போனார்'. பஞ்சாமி ஒரு கஞ்சக் கிழவர். தான் செத்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, செத்தது போல் கூடத்தில் படுத்துவிடுகிறார். வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்து வீட்டுக்கும் ஃபேனுக்கும் வெண்கலப் பானைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் மனைவி மட்டும் அவர் மார்பில் விழுந்து, "ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டேளே!" என்று கதறுவாள். உடனே பிணம் எழுந்து உட்கார்ந்து, "சர்க்கரை கம்மியாப் போட்டுக் கொண்டா!" என்று சொல்ல வேண்டும். சபா அதிரும், திரை விழும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் முழு நாடகமும் எழுதப்பட்டது என்று ரமணி சார் சொல்வார்.

பஞ்சாமியாக நடிக்கவிருந்தவருக்குத் திடீரென்று திருச்சிக்கு மாற்றல் வந்தது. ரமணி சார் எங்கள் எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "சுந்து, நீ பண்ணுடா. பாதி நேரம் பேசாம படுத்துண்டிருக்கற வேஷம். உன்னால முடியும்" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

என் மேடை மனைவி லில்லி அக்கா. சாந்தோம் பக்கத்துக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். அந்தக் காலத்தில் சபா நாடகங்களில் நடிக்கக் குடும்பப் பெண்களை வீட்டில் விட மாட்டார்கள். அதனால் மெட்ராஸில் பாதிக் குழுக்களுக்கு லில்லி அக்காதான் மாமி. மடிசார் கட்டி, வைரத்தோடு மாதிரி கண்ணாடிக் கல் தோடு போட்டு, "ஏன்னா, சித்த இங்க வாங்கோளேன்" என்று அவர் கூப்பிட்டால், முன் வரிசை மாமாக்கள் தங்களைத்தான் கூப்பிடுவதாக நினைத்து அசைந்து உட்காருவார்கள். மேடையை விட்டு இறங்கியதும், "இன்னா ரமணி சாரு, டீ கீது இல்லியா?" என்பார். இரண்டு பாஷைக்கும் நடுவே அவர் ஒரு கெட்டியான சுவர் வைத்திருந்தார். மேடையில் அவர் வாயிலிருந்து ஒரு 'கீது' தவறி விழுந்து யாரும் கேட்டதில்லை. அதுதான் அவருடைய பிழைப்பு. வேறு பாஷை தலைகாட்டினால் அடுத்த மாமி வேஷம் கிடைக்காது என்று அவரே சொல்வார்.

நாடகத்துக்கு முந்தைய வாரம் அடைமழை. தி.நகரில் ஒத்திகை முடிந்து, முழங்கால் தண்ணீரில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் இருமல். சாதாரண இருமல் இல்லை. அடி வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் சளியைச் சேர்த்துக்கொண்டு, தொண்டை வரை வந்து, வெளியே வராமல் திரும்பிப் போகிற இருமல். ஒத்திகையில் பிணமாகப் படுத்தேன். பிணம் குலுங்கிக் குலுங்கி இருமியது. வெண்கலப் பானைக்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"இன்னா நைனா, நெஞ்சுக் கூடு கழண்டு வந்துரும் போல கீதே! டாக்டராண்ட போனியா?" என்றார் லில்லி அக்கா.

வசந்தியும் அதையேதான் சொன்னாள். "மழையில நனைஞ்சுண்டு வந்தேள். ஒடம்பு வேற சுடறது. டாக்டர்ட்டப் போயிட்டு வந்துடலாம், வாங்கோன்னா" என்று கெஞ்சினாள்.

"டாக்டர் படுத்துக்கோம்பார். ஞாயித்துக்கிழமை ஆகட்டும்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமையும் படுத்துக்கத்தானே போறேள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாணமான புதிதில் மனைவியின் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்குவம் எனக்கு வந்திருக்கவில்லை. அவள் கொடுத்த சித்தரத்தைக் கஷாயத்தைப் பாதி குடித்துவிட்டு, மீதியை அவள் பார்க்காதபோது துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, லஸ் பக்கம் ஒரு மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். (துளசிக்கு இருமல் இருந்திருந்தால் அன்றே குணமாகியிருக்கும்.)

கடையில் நல்ல கூட்டம். மழைக்காலத்தில் மெட்ராஸே மருந்துக் கடையில்தான் நிற்கும். என் முறை வந்ததும் கடைக்காரர் கேட்டார்:

"வறட்டு இருமலா, சளியோட வருதா சார்?"

"அது எதுவானாலும் பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் செத்துப் போயிடுவேன். அதுக்கப்புறம் இருமல் வரவே கூடாது."

கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். தூக்க மாத்திரை வைத்திருந்த அலமாரியின் முன்னால் போய் மறைத்தாற்போல் நின்றுகொண்டார். என் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "சின்ன வயசு. ஆத்துல என்ன சண்டையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

"நாடகம் மாமா, நாடகம்! பொணமா நடிக்கறேன்" என்று விளக்குவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கடை மொத்தமும் அதைக் கேட்டது.

"சளிதான்" என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார்.

கடைக்காரருக்கு உயிர் வந்தது. இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தார். "இது சளியைக் கரைக்கும் சார். மொதல்ல இருமல் ஜாஸ்தியான மாதிரிதான் இருக்கும். ஆனா சளி வெளிய வந்து நெஞ்சு லேசாயிடும். இன்னொண்ணு இருமலையே அடக்குற மருந்து. வறட்டு இருமலுக்குத்தான் அது. தூக்கமும் வரும். உங்களுக்கு மொதலாவதுதான் சரி."

நான் இரண்டு பாட்டிலையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். ஒன்று இருமலைக் கூட்டும். இன்னொன்று இருமலை அடக்கும். மேடையில் பிணமாகப் படுக்கப் போகிறவனுக்கு எது வேண்டும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் நெஞ்சுக்கு எந்த மருந்து சரி என்று நான் ஒரு நொடி கூட நினைக்கவில்லை. பஞ்சாமிக்கு எது சரி என்றுதான் பார்த்தேன்.

"அடக்கறதையே குடுங்கோ" என்றேன்.

"சார், சளியை வச்சுக்கிட்டு இருமலை அடக்கினா அது உள்ளயே தங்கிடும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உள்ளயே இருக்கட்டும் சார். திங்கக்கிழமை வந்து அந்த பாட்டிலை வாங்கிக்கறேன்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது, மூடியில் அளந்துதான் குடிக்க வேண்டும், காய்ச்சல் இருந்தால் முதலில் டாக்டர் என்று அத்தனையும் சொல்லித்தான் கொடுத்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டும்போது நெஞ்சில் கொஞ்சம் வலித்தது. அதையும் நடிப்புக்கு உபயோகப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மருந்து மந்திரம் போல் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது. உடம்பு மட்டும் கொதித்தது, மூச்சு கொஞ்சம் வாங்கியது. அது முதல் கதாநாயகன் வேஷத்தின் பதற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சபாவுக்கு வசந்தி, அவளுடைய அப்பா, அம்மா மூன்று பேரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மேடையில் நடிப்பதை மாமனார் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிரீன் ரூமில் எனக்குத் தலையில் வெள்ளைப் பவுடர் அடித்து, நெற்றியில் விபூதி பூசி, கிழவனாக்கினார்கள். ரமணி சாருக்கு எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும். பிணம் என்றால் மூக்கில் பஞ்சு வேண்டும், தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் வேஷ்டித் துண்டால் கட்டு வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதாவது மூக்கில் பஞ்சு, வாய்க்குக் கட்டு, நெஞ்சில் சளி. நான் எந்த வழியாக மூச்சு விடுவேன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் தொண்டையில் மெல்ல ஒரு கரகரப்பு. பாட்டிலை எடுத்தால், அளந்து குடிக்கும் மூடியைக் காணோம். தேடினால், மேக்கப்காரர் அதில் ஒட்டு மீசைக்கான பசையைக் குழைத்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எதையும் எச்சில் பண்ணிக் குடிக்கும் வழக்கம் கிடையாது. காப்பி டம்ளரையே உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்போம். கைக்குழந்தையிலிருந்து பழக்கம். அதே பழக்கத்தில் மருந்து பாட்டிலை உயரத் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றிக்கொண்டேன். அண்ணாந்து குடிப்பவன் அளவு பார்ப்பதில்லை. மூச்சு முட்டும்போதுதான் நிறுத்துவான். மருந்து வேறு நல்ல தித்திப்பு.

"போதுமாடா?" என்றார் ரமணி சார்.

"எதுக்கும் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி இன்னொரு முறை அண்ணாந்தேன். அவரும் தன் பங்குக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜலதோஷ மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தார். அதையும் போட்டுக்கொண்டேன்.

முதல் காட்சியில் நன்றாகத்தான் நடித்தேன் என்று சொல்கிறார்கள். பிறகு பஞ்சாமி படுத்தார். தலைமாட்டில் விளக்கு, நெற்றியில் காசு, கழுத்து வரை வெள்ளை வேஷ்டி. மேலேயிருந்து மேடை விளக்கின் சூடு இதமாக விழுந்தது. பஞ்சாமியின் தம்பி ஃபேன் தனக்குத்தான் என்று கத்தியது காதில் விழுந்தது. கொடுத்துவிடலாமே, ஏன் கத்துகிறான் என்று நினைத்தேன். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

இனி நான் எழுதுவதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. எங்கள் வீட்டில் இதை யார் சொன்னாலும் தன்னைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வார்கள். எல்லோருடையதையும் கழித்துவிட்டு, நடந்திருக்கக்கூடியதை மட்டும் தருகிறேன்.

முதலில் நான் குறட்டை விட்டேன். மூக்குப் பஞ்சையும் வாய்க்கட்டையும் மீறி அது ஒரு தினுசாக வந்ததாம். சொந்தக்காரர்கள் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் நேரம் பார்த்துப் பிணம் குறட்டை விட்டதும் சபா விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையின் ஓரத்தில் நின்ற ரமணி சார், நான் சொந்தமாகக் கற்பனை செய்து சேர்த்திருக்கிறேன் என்று நினைத்து, முதல் தடவையாக என்னைப் பற்றிப் பெருமைப்பட்டாராம். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

லில்லி அக்கா ஓடி வந்து என் மார்பில் விழுந்தார். "ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டேளே!"

பிணம் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வாய் காப்பி கூட..." என்று இன்னும் உரக்கக் கதறினார். ஓரத்திலிருந்து ரமணி சார், "எழுந்திருடா, சனியனே" என்று பல்லைக் கடித்தார். லில்லி அக்கா வேஷ்டிக்குள் கையை விட்டு என் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினார். (தழும்பு ரொம்ப நாள் இருந்தது.) மூன்றாவது முறை கதறுவதற்காகக் குனிந்தவரின் காது என் நெஞ்சில் பட்டது. உள்ளே ரசம் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். உடம்பு அனலாக அடித்ததாம். அவருடைய மகனுக்குச் சின்ன வயதில் நெஞ்சில் சளி கட்டியபோது ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தவர் அவர். அந்தச் சத்தத்தை மறக்கவில்லை.

கெட்டியாக வைத்திருந்த அந்தச் சுவர் அந்த நிமிஷம் இடிந்தது. மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்து, வாய்க்கட்டை அவிழ்த்து, மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு லில்லி அக்கா சபையைப் பார்த்து அலறினார்:

"ஐயய்யோ, இந்தாளு ஒடம்பு நெருப்பாக் கொதிக்கிது! நெஞ்சுக்குள்ள கொரகொரன்னு கீது! யாருனா டாக்டரு கீறீங்களா? ஓடியாங்க!"

மடிசார் மாமி வாயிலிருந்து இப்படி ஒரு தமிழ் வந்ததும், சபா கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரித்தது.

"யோவ், சிரிக்காதீங்கய்யா! நெசமாத்தான் சொல்றேன்! மனுசன் பூட்டான்னா இன்னா பண்ணுவீங்கோ?"

இன்னும் பலமான கைதட்டல். மயிலாப்பூர் சபாவில் டாக்டர்களுக்குப் பஞ்சமா? அன்றைக்கும் இருந்தார்கள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அத்தனை பேரில் சிரிக்காதவள் ஒருத்திதான். இரண்டாவது வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த வசந்தி. வீட்டில் எனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். காப்பிக்கு அடுத்து சர்க்கரைதான் வர வேண்டும், டாக்டர் வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எழுந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, முன் வரிசைக் கால்களையெல்லாம் மிதித்து, மேடையில் ஏறி, என் மேல் இன்னொரு பக்கத்தில் விழுந்தாள்.

"ஏன்னா! என்னன்னா ஆச்சு உங்களுக்கு? கண்ணைத் திறந்து பாருங்கோன்னா!"

சபாவில் எங்கிருந்தோ ஒரு குரல் ஓங்கிக் கேட்டது: "அடப்பாவி பஞ்சாமி! உனக்கு ரெண்டாம் சம்சாரம் வேறயா?"

அந்தக் கைதட்டலைப் பற்றி ரமணி சார் சாகிற வரை பேசிக்கொண்டிருந்தார். என் மாமனாரின் பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டி, "இந்தத் திருப்பத்தை எதிர்பாக்கவே இல்ல சார்!" என்றாராம்.

"அவ என் பொண்ணு" என்றார் மாமனார்.

"அப்படியா? நன்னா நடிக்கறா."

அந்தக் கூட்டத்தில் எனக்கு உயிர் கொடுத்தது ஒரு ஜோடி செருப்பு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த ஒரு லேடி டாக்டர், வசந்தியின் காலைப் பார்த்திருக்கிறார். சாவு வீட்டுக் கூடத்துக்குள், தலைமாட்டில் விளக்கு எரியும்போது, ஒரு மாமியைச் செருப்புக் காலோடு எந்த நாடகக்காரனும் விட மாட்டான். இது நாடகம் இல்லை என்று அவருக்கு உறைத்தது. கைப்பையோடு மேடையேறினார். அவருக்கும் கைதட்டினார்கள்.

ரமணி சார் ஒன்றும் யோசிக்கவில்லை. செயலாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எந்த ஒரு வசனத்துக்காக நாடகமே எழுதினாரோ அது இன்னும் வரவில்லை, வாழ்நாள் ஆசை மண்ணாகப் போகிறது. "திரையை விடுங்கடா! வண்டியைக் கூப்பிடுங்கடா!" என்று கத்தியதுதான் அவர் செய்த முதல் காரியம். அவரைப் பற்றி ஆபீஸில் நான் எத்தனையோ கேலி பேசியிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "பெரியவரோட சம்சாரம் யாரு?" என்று கேட்டபோது வசந்தியும் மடிசார் லில்லி அக்காவும் ஒரே குரலில் "நான்தான்" என்றார்களாம். பயத்தில் லில்லி அக்காவுக்கு வேஷம் இன்னும் கலையவில்லை. நர்ஸ் என் வெள்ளைத் தலையைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார், எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் தலைப் பவுடரைத் துடைத்துவிட்ட பிறகுதான் அந்த வார்டில் என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

நிமோனியா என்றார்கள். சளி வெளியேறாமல் உள்ளேயே தங்கி நெஞ்சை அடைத்திருந்தது. போதாக்குறைக்கு நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்ட மருந்து. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரமணி சார் நாடகத்துக்கு வைத்த பெயர் அப்படியே பலித்திருக்கும். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நர்ஸ் வந்து முதுகில் தட்டி, "இருமுங்க சார், நல்லா இருமுங்க" என்று அதட்டுவார். இருமக் கூடாது என்பதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவனை, உயிர் வேண்டுமானால் இருமு என்று விரட்டினார்கள்.

கண் விழித்துப் பேச முடிந்ததும் முதலில் லில்லி அக்காவிடம்தான் சொன்னேன். "அக்கா, என்னால உங்க பொழப்பே போச்சே. சபை நடுவுல பாஷை மாறிடுத்தே."

"போனா போவுது வுடு நைனா. வேசம் இன்னொண்ணு வரும். ஆளு வருமா?" என்றார். நான் அழுதேன். அழுததில் இருமல் வந்தது. அவர் குனிந்து என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்போ பரவால்ல" என்றார்.

போன பிழைப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மடிசாரோடு மெட்ராஸ் பாஷை பேசும் மாமி வேண்டும் என்று எல்லாக் குழுக்களும் அவரைத் தேடி வந்தன. அதைவிட வேடிக்கை, சபா செயலாளர் ரமணி சாரைக் கூப்பிட்டனுப்பினார். நடுங்கிக்கொண்டே போனவரிடம், "ரெண்டாம் சம்சாரம் பிரமாதம் ஓய்! செருப்புக் காலோட ஓடி வரா பாரும், அங்கதான் நீர் நிக்கறீர். மார்கழிக்கும் ஒரு தேதி எடுத்துக்கும்" என்றாராம். அது திருப்பம் இல்லை, பையனின் ஆத்துக்காரி என்று ரமணி சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதையும் அவர் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார்.

பிறகென்ன? நாடகத்தில் இரண்டாம் சம்சாரம் நிரந்தரமானாள். வேறு யார் ஓடி வந்தாலும் ரமணி சாருக்குத் திருப்தியில்லை. கடைசியில் வசந்தியையே கேட்டார். அவளும் சம்மதித்தாள். மாமனாரே முன்னால் நின்று அனுப்பி வைத்தார் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. பஞ்சாமி வேஷம் நல்ல நெஞ்சுள்ள வேறொருவருக்குப் போனது. நான் பழையபடி தந்தி கொண்டுபோகும் வேஷத்துக்குத் திரும்பினேன். பல ஞாயிற்றுக்கிழமைகள், என் மனைவி இன்னொருவரின் பிணத்தின் மேல் விழுந்து அழுவதை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரொம்ப நன்றாக அழுவாள். பயிற்சி அப்படி.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் வசந்திக்கு 'இரண்டாம் தாரம்' என்றுதான் பெயர். எங்கள் பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்திகளுக்கு அறிமுகம் செய்யும்போது மாமனார் பழக்க தோஷத்தில் அப்படியே சொல்லிவிட்டார். முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் பந்தி ஆறிப்போயிற்று.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் லில்லி அக்கா போன் பண்ணுவார். இப்போது அவர் நடிப்பதில்லை. பேரப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். குசலம் எதுவும் கேட்க மாட்டார். "இன்னா நைனா, இருமிக் காட்டு" என்பார். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருமுவேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, வறட்டு இருமல்தான். சின்னவ கைல குடு" என்பார். பிறகு என் இரண்டு சம்சாரங்களும் என்னைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை விடப் பெரிய பாக்கியம் எனக்கு எதுவும் வாய்த்ததில்லை.

காலையில் நான் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும். வசந்தி அறை வாசலில் நின்று, மேடையில் பேசுகிற குரலில், "ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டேளே!" என்பாள். சபாவில் சொல்லக் கொடுத்து வைக்காத அந்த வசனத்தை, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, இத்தனை வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:

"சர்க்கரை கம்மியாப் போட்டுக் கொண்டா!"